செத்தவன் தாலி கட்டிய படம்

சினிமா விமர்சகன் ஒரு படத்தைத் திட்டினால் வாய்க்கொழுப்பு என்பார்கள். ஓடாத படத்தைப் பாராட்டினாலோ, வாங்கிக்கொண்டு எழுதுகிறான் என்பார்கள். பேனா பிடித்துப் பேச்சு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் ரோட்டில் ஒரு வாரப் பத்திரிகையில் இருந்தேன். ஊர் ஒதுக்கிய படங்களைத் தேடிப் பார்த்து, 'ஓடாத படங்கள்' என்று தொடர் எழுதினேன். மூன்றே நாளில் பெட்டிக்குள் போன ஒரு சோகப்படத்தைப் புகழ்ந்ததும் வந்தது வினை. அதில் கதாநாயகன் முதலில் சாகிறான். அப்புறம் கல்யாணம் செய்துகொள்கிறான். கதையைப் பின்னிருந்து சொல்லும் இந்தத் துணிச்சலைத் தமிழ் சினிமா கண்டதே இல்லை என்று எழுதிவிட்டேன்.

கழுத்தில் கத்தி

எனக்கு முடிவெட்டும் கோவிந்தன் அந்தப் படத்தை முதல் நாளே பார்த்தவர். தாடையில் நுரை பூசி, கத்தியைத் தொண்டைக்குழியில் வைத்துக்கொண்டுதான் பேச்சையே எடுத்தார். "நல்ல படம்தானே?" என்றேன், உதட்டை அசைக்காமல். கத்தி அங்கேயே நின்றது.

"செத்தவன் எந்திரிச்சு வந்து தாலி கட்டுறான், அதைப் போயி புதுமைங்கிறீங்க. மறைக்காம சொல்லுங்கண்ணே, படம் எடுத்தவன் உங்க மச்சானா?"

வீட்டு விசாரணை

துவைக்கப் போட்ட சட்டையில் நான்கு டிக்கெட் துண்டுகளை என் மனைவி செல்லம் கண்டுபிடித்தாள். ஒரே படத்தை நாலு தடவை பார்ப்பவன் கதைக்காகவா போவான்? கணவன் செத்த சேதி கேட்டு நாயகி ஒரு சொல் பேசாமல் நிற்கும் இடத்தை நான் அரைப்பக்கம் வர்ணித்ததையும் படித்துத் தொலைத்திருந்தாள். கலை, மௌனம், முகபாவம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை.

"அவ பேசாம நின்னா நடிப்புங்கிறீங்க. நான் மூணு நாளா பேசலை, அது உங்க கண்ணுல படலையா?"

மொட்டைக் கடிதம்

விநியோகஸ்தர் எனக்குக் கைக்கடிகாரம் கொடுத்ததாக ஆசிரியருக்கு மொட்டைக் கடிதம் வந்தது. என் கையில் இருந்தது மாமனார் போட்டது. அது ஓடுவதே இல்லை. போதாக்குறைக்கு, என் கட்டுரையைப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்காரர் அந்தப் படத்தை ஞாயிறு காலை ஒரு காட்சி மட்டும் மறுபடி போடுவதாக அறிவித்தார். ஆசிரியரின் சந்தேகம் முற்றிவிட்டது. எனக்கோ அந்தத் தொடர்தான் உயிர். அது போனால் கோயில் விழாச் செய்தியும் கல்யாண வாழ்த்தும்தான் மிச்சம். ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்:

"நானும் வந்து பாக்கிறேன்யா. நீ எழுதின மாதிரி படம் இல்லேன்னா, தொடரும் இல்ல, நீயும் இல்ல."

ஞாயிறு காலைக் காட்சி

கொட்டகை நிறைந்துவிட்டது. தஞ்சோங் பகாரிலிருந்து துறைமுகத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். படம் பார்க்க வந்தார்களா, என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்தார்களா என்று எனக்குச் சந்தேகம். மூன்றாவது ரீலில் கதாநாயகன் சாக வேண்டும். பாவி, கல்யாணம் செய்துகொண்டான்! பக்கத்து நாற்காலியில் ஆசிரியர் திரையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளைக்குப் பிறகு அவன் செத்து, அவள் பேசாமல் நின்றபோது கொட்டகையே அழுதது. நானும் அழுதேன், என் பிழைப்பை நினைத்து.

வெளியே வந்ததும், கொட்டகையில் படம் ஓட்டும் ஆப்பரேட்டர் அந்தோணி ஓடிவந்து, ஆசிரியர் முன்னாலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க கட்டுரையைப் படிச்சுத்தான் சார் எனக்கே சந்தேகம் வந்துச்சு, செத்தவன் எப்படிக் கல்யாணம் பண்ணுவான்னு. திறந்து பாத்தா மூணாவது டப்பாவுல ஒம்பதாவது ரீல், ஒம்பதுல மூணு! இன்னிக்குச் சரியா மாட்டிட்டேன் லா!"

தீர்ப்பு

தரை பிளந்து விழுங்காதா என்றிருந்தது. ஆசிரியர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வர, புரையேறிச் சிரித்தார். அப்புறம் என் தோளில் கைபோட்டு, மொட்டைக் கடிதத்தை எடுத்துக் கிழித்தார்.

"காசு வாங்கினவனுக்குக் கதையாவது ஒழுங்கா சொல்லிக் குடுத்திருப்பாங்க. நீ யோக்கியன்தான்யா, போய்த் தொடரை எழுது."

ஆக, யோக்கியன் என்று பெயரெடுக்க, நான் முட்டாள் என்பதை ஒரு கொட்டகை நிறைய ஆள் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது.