பேட்டரி தின்னும் பூதம்

சித்தப்பாவின் லொறியில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில், ஒரு டோர்ச் லைட் தொங்கிக்கொண்டிருக்கும். வெள்ளி நிறத் தகரம், சிவப்புப் பொத்தான். லொறி வடக்கே புறப்படும் காலையில் அதைக் கையில் வாங்கினால் கனக்கும். திரும்பி வந்து உக்குவளை ரயில் கடவைக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஏறிப்போய் எடுத்துப் பார்த்தால் காற்றாக இருக்கும். பொத்தானை அமுக்குவோம், ஒரு மண்ணும் எரியாது. "எங்க சித்தப்பா பேட்டரி?" என்று நானும் தம்பியும் கேட்போம். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சொத்தையே பறிகொடுத்தவர் மாதிரித் தலையை ஆட்டி, "பூதம் தின்னுருச்சு" என்பார்.

அது யுத்த காலம். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு. அப்பாவுக்கு மாத்தளை டவுனில் கடை வேலை. சித்தப்பாவுக்கு லொறி. நாவுலயிலும் சுற்று வட்டாரத்திலும் போஞ்சி, கறிமிளகாய், பூசணிக்காய் என்று ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போவார். அங்கிருந்து அப்பால், ஆமியோடு சண்டை போட்ட இயக்கத்தின் இடம். அந்தப் பக்கம் பேட்டரி போகக் கூடாது, போனால் குண்டுக்கு உதவும் என்று தடை. அதனால் வழியில் உள்ள சோதனைச்சாவடிகளில் மூட்டைகளையெல்லாம் இறக்கி, நீளமான இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்ப்பார்கள். இதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்கிற விஷயமா? சித்தப்பா வேறு மாதிரிச் சொன்னார். வடக்கு ரோட்டில் ஒரு பூதம் இருக்கிறது. அதற்கு ஒற்றைப் பல், அதுவும் இரும்புப் பல், கையளவு நீளம். பூசணிக்காயைக் குத்திக் குத்தி ருசி பார்க்கும். ஆனால் பசி தீராது. பேட்டரி தின்றால்தான் அதற்கு வயிறு நிறையும். தின்றதும் வயிற்றுக்குள்ளிருந்து ஆட்கள் கத்துகிற சத்தம், கைதட்டுகிற சத்தம் எல்லாம் கேட்கும். பூதம் அதைக் கேட்டுக்கொண்டே சிரித்து, கேட்டைத் திறந்துவிடும்.

அடேயப்பா, அந்தப் பூதத்தின் மேல் எங்களுக்கு இருந்த ஆசை! ஒரு முறை சித்தப்பா போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகியும் வரவில்லை. சித்தி அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். வந்து சேர்ந்தபோது சித்தப்பா மெலிந்துபோயிருந்தார், தாடி வளர்ந்திருந்தது. "வழியில ஒரு மந்திரவாதி புடிச்சுக்கிட்டான்டா. என்னயக் கல்லாக்கி ஒரு ரூம்ல வச்சிருந்தான். அங்க ஏற்கெனவே நெறைய கல்லு இருந்துச்சு, எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்க." நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். சித்தி மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டார். தமிழ்ப் பெயரும் மலைநாட்டு அடையாள அட்டையுமாக வவுனியாவில் என்ன வேலை என்று கேட்டுப் பிடித்து வைத்திருந்தார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. புரிந்த அன்று, அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நினைத்து அழுகை வந்தது. ஆனால் அந்தக் கதையைச் சொன்னவர் எங்களைச் சிரிக்க வைக்கத்தானே சொன்னார்.

பிறகு ஒரு நாள் லொறி வந்து நின்றது. நான் ஏறிப்போய் டோர்ச்சை எடுத்தேன். கனத்தது. பொத்தானை அமுக்கினேன், எரிந்தது. "சித்தப்பா, பூதம் திங்கலயா?" என்று கத்தினேன். அவர் தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினார். அன்றோடு பூதக் கதை நின்றுபோனது. எத்தனை கெஞ்சினாலும், "வேற கதை கேளு, அத மட்டும் கேக்காத" என்றுவிடுவார். 

இப்போது நான் மாத்தளையில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். என் வகுப்பில் இருப்பவர்கள் யுத்தம் முடிந்து வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளைகள். சோதனைச்சாவடி என்றால் என்ன என்று கேட்டேன். "டீச்சர், டெங்கு செக் பண்ற எடமா?" என்றான் ஒருவன். நல்லது, அப்படியே இருக்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் கேட்கவில்லை. அப்பா அம்மா எதைக் கடந்து வந்தார்கள் என்று தெரியாமலே ஒரு பிள்ளை வளர வேண்டுமா? இந்த வயதுக்கு அதை எப்படிச் சொல்வது? யோசிக்க யோசிக்கச் சித்தப்பாவின் பூதம்தான் வந்து முன்னால் நின்றது. சிறுவர் நாவல் ஒன்று எழுத உட்கார்ந்தேன். பூதத்தின் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுமி. அவளுடைய ஊரில் வெளிச்சம் இல்லை. ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படிக்கிறாள். இந்தப் பக்கம் பேசத் தெரிந்த ஒரு லொறி. அதன் வயிற்றில் பூசணிக்காய்கள். இரவில் பூசணிக்காய்களுக்குள் மின்மினிகள் குடிபுகுந்து அந்தச் சிறுமியிடம் போக வேண்டும்.

எழுதும்போது எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். மந்திரம் எவ்வளவு வேண்டுமானாலும் வரலாம். ஆனால் ஒவ்வொரு மந்திரத்துக்கு அடியிலும் நடந்த ஒன்று இருக்க வேண்டும். ஜாம் போத்தல் விளக்கு நடந்தது. மனிதர்கள் கல்லானது நடந்தது. செத்தவர்களை மந்திரத்தால் எழுப்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எத்தனையோ வீடுகளில் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடம் விளையாடக் கூடாது. இப்படிப் பெரிய மனுஷியாக எழுதிக்கொண்டே போய்க் கடைசி அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். பூதம் என்ன ஆனது?

முதலில் பூதத்தைக் கொன்றேன். கதைகளில் அதுதானே வழக்கம். வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! முன் வரிசையில் ஒரு பிள்ளை, "டீச்சர், அது என்னா பாவம் செஞ்சிச்சு? பேட்டரிதானே தின்னிச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி என்று அதற்குச் சிறகு முளைக்க வைத்து நிலாவுக்கு அனுப்பினேன். அதைச் சித்தப்பாவிடம் வாசித்தேன். லொறியை விற்றுவிட்டு, முழங்கால் வலியும் டிவி கிரிக்கெட்டுமாக இருக்கிறவர். கேட்டு முடித்ததும், "புள்ள, எனக்குக் கோவம் வருது. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி எழுதாத" என்றார்.

"அப்ப நீங்க சொல்லுங்க, என்னாதான் ஆச்சு?" எனக்கும் கோபம்தான். எழுதித் திணறுகிறவளுக்கு வேறு என்ன வரும்?

அன்றைக்குத்தான் சொன்னார். பூதம், சாவடியில் நின்ற ஓர் ஆமிக்காரர். இருபது சொச்சம் வயது. லொறிக் கதவில் மாத்தளை என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "நான் வில்கமுவ" என்று தன் பெயரையும் சொன்னாராம். எங்கள் மாவட்டத்தின் கிழக்குக் கோடி. கையில் ஒரு சின்ன ரேடியோ, அதில் கிரிக்கெட் வர்ணனை. சித்தப்பாவின் டோர்ச்சிலிருந்து கழற்றிய பேட்டரி அதற்குள் போனது. கத்துகிற சத்தம், கைதட்டுகிற சத்தம் எல்லாம் அதுதான். அடுத்த பயணத்திலிருந்து சித்தப்பா வேண்டுமென்றே புது பேட்டரி போட்டுக்கொண்டு போனார். அந்த ஆமிக்காரரும் மூட்டைகளை அதிகம் கிழிக்காமல் விட்டார். ஒரு நாள் அந்தச் சாவடியை இயக்கம் அடித்துவிட்டது என்று செய்தி வந்தது. சித்தப்பா அடுத்துப் போனபோது மணல் மூட்டைகள் கருகிக் கிடந்தன, நின்றவர்கள் எல்லாம் புது ஆட்கள்.

"நீங்க விசாரிக்கலயா?"

"எப்பிடிடி விசாரிக்கிறது? தமிழ் டிரைவர் ஒருத்தன் போயி, இந்தப் பேருள்ள ஆமிக்காரர் எங்க, இருக்காரா செத்தாரான்னு கேட்டா என்னா நெனைப்பாங்க? திரும்பவும் கல்லாக்கிருவாங்க." முழங்காலைத் தடவிக்கொண்டே, "கேக்காம வந்துட்டேன். இப்ப வரைக்கும் உறுத்துது" என்றார்.

 நான் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. "பேரு தெரியும், ஊரு தெரியும், இப்ப யாரு புடிக்கப் போறா? வாங்க போவோம்" என்றேன். சித்தி, "முழங்காலத் தூக்கிட்டு எங்க போறீங்க, ரெண்டு பைத்தியமும்?" என்று திட்டிக்கொண்டே சோற்றுப் பொட்டலம் கட்டித் தந்தார்.

பள்ளி விடுமுறையில் போனோம். நாவுல வரைக்கும் பஸ் சுகமாகப் போனது. அதற்கு அப்பால், வரும் வரும் என்று சொன்ன பஸ் வரவே இல்லை. ஒரு வேனில் பாதி தூரம், மீதி தூரம் உர மூட்டை ஏற்றிய டிராக்டரில். சித்தப்பா மூட்டையின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு, டிராக்டர்க்காரருக்குக் கியர் மாற்றும் முறை பற்றி வகுப்பெடுத்தார். வில்கமுவவில் ஒரு கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டோம். "ஆமியில இருந்தவரா? ரேடியோக்காரரா?" என்று சிரித்துவிட்டு வாய்க்கால் கரையைக் காட்டினார் கடைக்காரர். உயிரோடு இருக்கிறார்! சித்தப்பா அங்கேயே கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றார். அவ்வளவு வருடப் பாரம் இறங்கினால் தூசி பறக்கத்தான் செய்யும்.

வீட்டு விறாந்தையில் நரைத்த, தடித்த மனிதர் ஒருவர் நெல் காய்வதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சித்தப்பா கைகூப்பினார். சாவடியில் எப்போதும் மாத்தயா, அதாவது சார், என்று அழைத்தவரை அன்றைக்கு முதன்முதலாக மல்லி, தம்பி, என்று அழைத்தார். லொறி, பூசணிக்காய், பேட்டரி என்று தன்னுடைய ரோட்டுச் சிங்களத்தில் மூச்சு விடாமல் கொட்டினார். அவர் பொறுமையாகக் கேட்டார். முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கூச்சத்தோடு சிரித்தார்.

"கோவிச்சுக்காதீங்க அய்யா. ஒரு நாளைக்கு எத்தனை லொறி! எனக்கு உங்க முகம் ஞாபகம் இல்ல. அப்ப வந்த டிரைவருங்க நெறைய பேரு பேட்டரி தந்தாங்க. என் பெட்டி நெறஞ்சு கெடந்துச்சு."

சித்தப்பாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். வருடக்கணக்காக மனதில் சுமந்த உறவு, அந்தப் பக்கம் ஒரு பேட்டரிப் பெட்டியில் பத்தோடு பதினொன்றாகக் கிடந்திருக்கிறது. "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேனே!" என்று தமிழில் என்னிடம் முனகினார். முனகியவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும் வந்தது. நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவருடைய மகள் தேநீரும் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் இந்தப் பைத்தியங்கள் என்று பார்த்தாள்.

நான் நாவலைப் பற்றிச் சொன்னேன். அவரைப் பூதமாக்கிவிட்டோம் என்று சொல்ல உள்ளூரப் பயம்தான். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இரும்புப் பல்லைப் பற்றி இரண்டு முறை கேட்டார். ஊரில் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சிங்களத்தில் வருமா என்றார். பிறகு எழப்போனவர், நாற்காலியின் பின்னால் கையை விட்டு ஒரு செயற்கைக் காலை எடுத்தார். சாரத்துக்கு அடியில் ஒரு கால் இல்லை என்பதை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். சாவடியை அடித்த அன்று போனதாம். செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டே, விலை விசாரிப்பவர் மாதிரிச் சாதாரணமாகக் கேட்டார்.

"டீச்சர், உங்க பூதத்துக்குக் காலு எத்தனை?"

"ரெண்டு."

"ரெண்டும் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அப்ப ஓட விடுங்க" என்றார். "ரொம்ப தூரம் ஓட விடுங்க."

திரும்பும்போதும் பஸ் இல்லை.  யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிளில் ஒருவர், இன்னொன்றில் ஒருவர் என்று நாவுல வந்து சேர்ந்தோம். நான் வைத்த கட்டுப்பாட்டையே யோசித்துக்கொண்டிருந்தேன். நடந்ததை மந்திரத்தால் மாற்றக் கூடாது என்று பெரிதாகச் சொன்னேனே. அவருடைய கால் போனது போனதுதான். அதை நான் மாற்றவில்லை. ஓடுவது பூதம். அதைக் கேட்டது, கேட்க உரிமையுள்ள மனிதர். மாத்தளை பஸ்ஸுக்காக நிற்கும்போது சித்தப்பா என் தோளைத் தட்டினார்.

"எங்க வரைக்கும் ஓட விடப் போற?"

"சாவடியிலருந்து அதோட வீடு வரைக்கும். வில்கமுவவுக்கு."

அவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஓடித்தான் ஆகணும், பாவம். அந்த ஊருக்குத்தான் பஸ் இல்லயே."