மிஸ்ஸி காத்த மேசை

செய்தி, தொண்டூழியர் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. சனிக்கிழமைப் போட்டிக்குச் சைவச் சாப்பாடு எத்தனை பொட்டலம் வேண்டுமென்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே, "மிஸ்ஸி தவறிட்டாங்க. வீடு சிம்பாங் பூலாய்ல. நாளைக்குக் காலைல எடுக்கிறாங்க" என்றிருந்தது. அதற்கும் கீழே, அதைப் பார்க்காத இன்னொருவர், "கார் நிறுத்துற இடத்துக்கு ஆள் பத்தாது லா" என்று எழுதியிருந்தார். காலை வழிபாட்டை முடித்துவிட்டு, நெற்றியில் நீறு காயாத நிலையில் நான் அதைப் படித்தேன். இறந்தாரை எண்ணி இரங்குவதற்கென்றே கையறுநிலை என்றொரு துறையை நம் புலவர்கள் வகுத்து வைத்தார்கள். எனக்கோ அவ்வேளையில் ஒரு வரியும் நெஞ்சில் எழவில்லை. இனி அந்த மேசைக்கு யார் என்ற கேள்வியே எழுந்தது.

ஈப்போவில் நடக்கும் தமிழ்ப்பள்ளி ரோபோட் போட்டிக்கு வந்து சென்றவர்களுக்கு மிஸ்ஸி தையல்நாயகியைத் தெரியாமல் இராது. அரசு மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; தாதியரை இங்கே மிஸ்ஸி என்றே அழைப்போம். பிள்ளைகள் கட்டி முடித்த ரோபோட்டுகளை, ஓட்டத்துக்கு முன் ஒரு நீண்ட மேசையில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பின் முறை வரும்வரை ஒருவரும் தொடலாகாது. ஏற்பாட்டாளர்கள் அதைக் குவாரன்டீன் மேசை என்பார்கள். மிஸ்ஸி அதை வார்டு என்பார். கடவுள் வாழ்த்துப் பாட அழைக்கப்பட்ட நான், பதிகம் பாடிப் பழகிய குரல் மண்டபத்தின் கடைசி வரிசைவரை எட்டுமென்பதால், பள்ளிகளின் பெயரை அழைப்பதற்காக அவர் பக்கத்திலேயே அமர்த்தப்பட்டேன்.

ஒருமுறை சிறப்பு விருந்தினராக வந்த, நாங்கள் ஒய்பி என்றழைக்கும் சட்டமன்ற உறுப்பினர், படத்துக்காக ஒரு ரோபோட்டைத் தூக்கக் கை நீட்டினார். மிஸ்ஸி குறுக்கே தம் கையை வைத்தார்.

"படம் எடுத்துக்குங்க, ஐயா. தொடாதீங்க."

"மிஸ்ஸி, ஒய்பி லா இவரு!" என்று உதவியாளர் பதறினார்.

"இருக்கட்டும் லா. விசிட்டிங் டைம் முடிஞ்சிருச்சு."

ஒய்பி சிரித்துவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே படத்துக்கு நின்றார்.

எல்லா மறுப்பும் சிரிப்பில் முடிவதில்லை. ஓர் ஆண்டு தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டப்பள்ளியிலிருந்து மூன்று சிறுமிகள் வந்திருந்தார்கள். அவர்களுள் ஒருத்தியின் தாய் பார்வதி, புது வண்டிக்குச் செய்வதுபோல ரோபோட்டுக்கும் சந்தனம் குழைத்து இட்டு, நீறு பூசியே ஒப்படைக்கச் செய்திருந்தார். தரையிலுள்ள கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடுவதற்காக அதன் முகப்பில் ஒரு சிறு கண் உண்டு. அந்தக் கண்ணையே நெற்றியென்று எண்ணிப் பொட்டு வைத்துவிட்டார். மேசைக்கு வந்த பிறகே மகள் கவனித்தாள்.

"மிஸ்ஸி, கண்ணு மேல சந்தனம்! தொடச்சிக்கிறேன் மிஸ்ஸி, ஒரே ஒரு தடவ!"

"குடுத்தாச்சு, கண்ணு. இனிமே தொட முடியாது."

பார்வதி விரைந்து வந்தார். "சாமி சந்தனம்தானே வச்சேன்? நீங்களும் பொட்டு வச்சிருக்கீங்க. ஐயா, பட்டையும் கொட்டையுமா உக்காந்திருக்கீங்களே, நீங்களாச்சும் சொல்லுங்க!"

நான் மிஸ்ஸியைப் பார்த்தேன். அவர் பார்வதியிடம், "உங்க சாமிதாம்மா எனக்கும். இவளுக்குத் தொடச்சா, காலைல சக்கரம் கழண்டுச்சுன்னு அழுதானே அந்தப் பையன், அவனுக்கு நான் என்ன சொல்றது?" என்றார்.

ரோபோட் ஓடவில்லை, கோட்டைக் காணாமல் நின்ற இடத்திலேயே சுற்றியது. சிறுமிகள் தோற்றார்கள். பார்வதி படிக்கட்டில் போய் உட்கார்ந்து அழுதார். மிஸ்ஸி எல்லா ஓட்டங்களும் முடியும்வரை மேசையை விட்டு எழவில்லை. முடிந்ததும் இரண்டு குவளைத் தேநீரோடு போய்ப் பார்வதியின் பக்கத்தில் அமர்ந்தார். விளக்கம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பார்வதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேநீர் ஆறியது. பேருந்து வரும்வரை மிஸ்ஸி எழுந்திருக்கவில்லை.

திரும்பும் வழியில் காரில் என்னிடம் சொன்னார்: "வார்டுலயும் இப்படித்தான், ஐயா. சரியாச் செஞ்சாலும் யாராச்சும் அழுதுகிட்டுத்தான் போவாங்க."

அடுத்த ஆண்டு மண்டப வாசலில் ஒரு சிறு மேசை போடச் செய்தார். அதன்மேல் திருநீற்றுத் தட்டு, சந்தனக் கிண்ணம், ஒட்டுத்தாள் சுருள். "கண்ண ஒட்டி மறைங்க. பூசுங்க. பிரிச்சிட்டு உள்ள கொண்டாங்க" என்பது அவர் வகுத்த முறை. காலை வேளைக்கு என்னை அந்தத் தட்டுக்குப் பொறுப்பாக்கினார். எத்தனையோ சன்னிதிகளில் நீறு வாங்கியவன் நான். கொடுக்கும் இடத்தில் நின்றது அங்கேதான்.

போன ஆண்டுப் போட்டி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது.

"இந்த மேசைக்கு ஒரு ஆளு பாருங்க, ஐயா."

"ரோபோட் தெரிந்தவராகவா?"

"எனக்கே தெரியாது. பிள்ள அழுதா சட்டத்த மாத்தக்கூடாது. அழுற பிள்ளயப் பாக்காத மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கவும் கூடாது. அப்படி ஒரு ஆளு."

ஓராண்டாகக் கேட்டேன். கோயில் குழுவில் கேட்டேன், ஓய்வு பெற்ற ஆசிரியர்களிடம் கேட்டேன். எல்லாரும் களைத்திருந்தார்கள், நானும் களைத்துவிட்டேன். ஆள் கிடைக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லாமலே அவரை அனுப்பிவைத்தோம்.

இறுதிச் சடங்கன்று வாசலில் பார்வதி நின்றார். தெலுக் இந்தானிலிருந்து விடியலில் புறப்பட்டு வந்திருக்கிறார்.

"மேசைக்கு ஆளு தேடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். கெடச்சிருச்சா, ஐயா?"

"இல்லை, அம்மா."

"நா வாரேன். அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அந்த டீய அவங்க மேலயே ஊத்தியிருப்பேன். வேற யாரா இருந்தாலும் எந்திரிச்சிப் போயிருப்பாங்க. அவங்க போகல."

சனிக்கிழமை பார்வதி அந்த மேசையில் உட்கார்ந்தார். நண்பகலில் ஒரு தகப்பனார், ஒப்படைத்த ரோபோட்டின் சக்கரத்தை முடுக்கக் கையைக் கொண்டுபோனார். "தொடாதீங்க, அண்ணே" என்றார் பார்வதி. அவர் கெஞ்சினார், ஏசினார். பார்வதியின் கை குறுக்கேயே இருந்தது. சற்று நேரத்தில் சக்கரம் கழன்று ரோபோட் பாதியில் நின்றது. தகப்பனார் மகளைக் கூட்டிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். பார்வதி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டங்கள் மீதமிருந்தன, மேசையை விட்டு அவர் எழ முடியாது.

மிஸ்ஸியின் உறுதி பார்வதிக்குப் போயிற்று. எஞ்சியிருந்தது எனக்கு. முழங்கால் வலியோடு எழுந்தேன். மூன்று குவளைத் தேநீர் வாங்கிக்கொண்டு போய், அந்தத் தகப்பனார் முகத்தைத் திருப்பிக்கொண்டபோதும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.