ஓலைக்கு ஒரு பிளாக் கட்டினேன்

எங்கள் சபையில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆராதனையில் அதை அறிவிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பெயர். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நடக்கவிருக்கிறது, யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று வாசித்துவிட்டுப் போதகர் கொஞ்சம் நிறுத்துவார். அந்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் மூச்சு விடுவதில்லை. மற்றவர்கள் ஆவலோடு திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு நினைவு தெரிந்து யாரும் எழுந்ததில்லை. ஆனாலும் நம்பிக்கை இழக்காத சபை.

சபைக்கு ஒரு வெப்சைட் உண்டு. அதைக் கவனிப்பவன் நான். கமிட்டிக் கூட்டத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் இந்தப் பொறுப்பு வந்தது. அதில் நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைக் கமிட்டி கவனிக்கவில்லை.

போன வருஷம் போதகர் கூப்பிட்டார். வயதில் என்னைவிடச் சின்னவர்.

“அண்ணாச்சி, நம்ம ஆளுக பாதிப் பேரு மெட்ராஸ்லயும் துபாய்லயும் இருக்காவ. ஓலையை வெப்சைட்லயும் போட்டிருவோம். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியேன்னு பொறவு யாரும் கேக்க முடியாது பாருங்க.”

நாலு வரி தட்டச்சு செய்து போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் படித்தவன் அப்படிச் சுலபமாக முடிக்கலாமா? வெப்சைட் எடிட்டரில் பக்கங்களைப் பிளாக் பிளாக்காக அடுக்க வேண்டும். பத்திக்கு ஒரு பிளாக், படத்துக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று. ஓலைக்கென்று எதுவும் இல்லை. வேண்டுமென்றால் நாமே எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னார். “ரொம்ப சிம்பிள்” என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் நான் வீடியோவை நிறுத்திவிட்டு டீ போடப் போனேன். டீத்தூள் சீக்கிரம் தீர்ந்தது.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பையும் தாள்களையும் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து மனைவி கேட்டாள்.

“என்னங்க செய்யுதீங்க?”

“பிளாக் கட்டுதேன்.”

“மொட்டமாடிச் சுவரு இடிஞ்சு கெடக்கு. அங்கன போயிக் கட்டுங்களேன்.”

மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஒரு பிளாக்குக்கு இரண்டு முகம்: நிரப்புகிறவருக்கு ஒன்று, வாசிக்கிறவருக்கு ஒன்று. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பிளாக் கெட்டுவிட்டது என்று எடிட்டர் அங்கேயே சொல்லிவிடும். மனிதர்களிடம் இந்த வசதி இல்லை. அப்புறம், டிஃபால்ட் என்று ஒன்று. யாரும் எதையும் தேர்வு செய்யாதபோது எது தானாக நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது.

ஓலை என்றால் ஆட்சேபணையும் கேட்க வேண்டுமல்லவா? போதகர் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன். அறிவிப்புக்குக் கீழே ‘ஆட்சேபணை: உண்டு / இல்லை’. ‘உண்டு’ என்றால் சிவப்பு விளிம்போடு ‘காரணம்’ என்று ஒரு பெட்டி வழுக்கிக்கொண்டு இறங்கும். இதுவரை வந்த ஆட்சேபணைகளின் எண்ணிக்கை அதற்குக் கீழே பெரிய எழுத்தில் தெரியும். எழுதியவர் பெயரோடு விவரம் போதகருக்கு மின்னஞ்சலில் போகும். அந்தப் பெட்டி இறங்குகிற அழகில் நான் சொக்கிப்போனேன். ஒவ்வொரு முறையும் அமுக்காமலே அதைப் பார்ப்பதற்காக ‘உண்டு’ என்பதையே டிஃபால்ட்டாக வைத்தேன். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அதில் ஏறிய முதல் ஓலை என் நண்பனுடையது. டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு சம்பந்தம் கூடி வந்து கடைசி நேரத்தில் நின்றுபோனதில், கல்யாணம் என்ற சொல்லைக்கூட மெதுவாகத்தான் உச்சரிப்பான். மூன்றாவதாக அமைந்தது ராயகிரியில் ஒரு பள்ளி ஆசிரியை. அவளுக்குப் பிடித்திருந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற அவள் அண்ணனுக்கு மட்டும் சந்தேகம்: ரெண்டு தடவை நின்றிருக்கிறது என்றால் எங்கேயோ என்னமோ இருக்கிறது.

முதல் ஓலை ஞாயிறு ஆராதனையில் நல்லபடியாக வாசிக்கப்பட்டது. மத்தியானம் வெப்சைட்டில் ஏற்றினேன். திங்கட்கிழமை காலையில் போதகர் போன் செய்தார்.

“அண்ணாச்சி, ஒரே ஆட்சேபணையா வந்து குவியுது. ஆனா ஒண்ணும் வெளங்கல. வாசிக்கேன், கேளுங்க. ஆட்சேபணை உண்டு, காரணம்: கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆட்சேபணை உண்டு, காரணம்: பொருத்தமான ஜோடி. ஆட்சேபணை உண்டு, காரணம்: பையனுக்க அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்.”

“கடைசி ஆளு மட்டும் நெசமாவே சொல்லுதாரோ ஐயா?”

“அவரு என் மாமனாரு.”

வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் எல்லாம் ‘உண்டு’ என்பதை மாற்றாமலே அந்தப் பெட்டியில் எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்குவதற்குள் நண்பன் வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

“என்ன வே பண்ணி வச்சிருக்கீரு? அவ அண்ணன் பெரிய எழுத்துல நம்பரைப் பாத்துட்டாரு. கல்யாணத்தை நிறுத்தி வைப்போம்னு சொல்லுதாரு. மூணாவதும் போச்சு வே.”

அவள் அண்ணனுக்குப் போன் போட்டு விளக்கப் பார்த்தேன்.

“அண்ணாச்சி, அது டிஃபால்ட். யாரும் ஒண்ணும் சொல்லாட்டா தானா உண்டுன்னு நிக்கும்.”

“யாரும் ஒண்ணும் சொல்லாம எப்படி வே உண்டுன்னு நிக்கும்? எதையோ மறைக்கியரு.”

பெட்டி வழுக்கிக்கொண்டு இறங்குகிற அழகை ஒரு முன்னாள் ராணுவ வீரருக்குப் போனில் எப்படி எடுத்துச் சொல்வது? நேரில் போவது என்று முடிவாயிற்று. பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் வழியெல்லாம் போனில் அந்த எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டு வந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராயகிரியில் அண்ணன் நாற்காலி போட்டார், உட்காரச் சொல்லவில்லை. அவருடைய போன் மேசைமேல் திறந்து கிடந்தது. நாங்கள் வருவதற்குள் எண்ணிக்கை இன்னும் ஏறியிருந்தது. எங்கள் சபை அவ்வளவு வாழ்த்துகிற சபை.

“இத்தனை பேருக்கு ஆட்சேபணை. எல்லாருமா கிறுக்கனுவ?” என்றார்.

நண்பன் தலையைக் குனிந்தபடி சொன்னான். “அண்ணாச்சி, அதுல ஒண்ணு நானு.”

“என்னது?”

“சரியா வருதான்னு அமுக்கிப் பாரும்னு இவரு சொன்னாரு. அமுக்குனேன். காரணம்னு கேட்டுது. நல்லாருக்குன்னு போட்டேன்.”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவர் தங்கை உள்ளேயிருந்து வந்தாள். சிரிப்பை அடக்கி அடக்கி முகம் சிவந்திருந்தது.

“அண்ணே, அதுல ஒண்ணு நானும்தான்.”

“ஏட்டி, ஒனக்கு என்ன ஆட்சேபணை?”

“ஓலை போட்டிருக்காவளேன்னு நன்றி எழுதுனேன். மேல உண்டுன்னு நின்னதை யாரு பாத்தா?” நண்பனைப் பார்த்தாள். “ரெண்டு பேரும் சேந்து செஞ்ச மொதக் காரியம் இதுதான். ஒத்துமையாத்தான செஞ்சிருக்கோம்?”

நண்பன் அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்தான்.

அண்ணன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தங்கையின் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “மாத்தும். நான் பாக்கணும்” என்றார். பின்னால் கைகட்டி நின்றுகொண்டார். அப்படி ஒரு காவலில் நான் கோடிங் எழுதியதில்லை. டிஃபால்ட்டை மாற்றுவது ஒரே ஒரு சொல். அதற்குள் இரண்டு தடவை பிழை செய்தேன். எண்ணிக்கை காட்டுகிற வரியையும் எடுத்தெறிந்தேன். பக்கத்தைப் புதுப்பித்தபோது ‘இல்லை’ என்று நின்றது. சிவப்புப் பெட்டி இறங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ‘இல்லை’ என்று நிற்கிறதா என்று விரலால் தொட்டுச் சரிபார்த்தார். தன் பெயரை ஒற்றை விரலால் தட்டினார். ‘அனுப்பு’ என்பதை அமுக்கினார். போய்ச் சேர்ந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார். சேர்ந்துவிட்டது என்றேன்.

பிறகு நண்பன் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள, இலை போட்டாச்சு. வந்து உக்காரும்.”