கதியாலைச் சுற்றிப் போன வாய்க்கால்

எங்கள் முன்பள்ளி ஆசிரியைக்குச் சம்பளம் நின்றுபோகும் என்று தெரிந்துகொண்டே உண்மையைச் சொன்னேனே, அது சரியா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

சண்டிலிப்பாயில் எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையில் இருக்கும் அந்த முன்பள்ளிக்குத்தான் என் மகள் போகிறாள். நடத்துவது ஊர்ச் சங்கம். பிரதேச சபை சிறிய வேலைகளைக் போட்டி விலை கேட்கும் கேள்விப்பத்திரம் இல்லாமலே இப்படியான சங்கங்களுக்குக் கொடுக்கும். கூலியும் சீமெந்தும் போக மிஞ்சுவதில்தான் ஆசிரியையின் சம்பளம். பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்த காலத்தில் இதற்குச் ‘சமூகப் பங்கேற்பு’ என்று பெயர் எழுதி நல்ல புள்ளி வாங்கியிருக்கிறேன்.

மாரி மழைக்கு முன் ஒழுங்கைக்கு வெள்ள வாய்க்கால் கட்டும் வேலை வந்தது. சங்கத் தலைவர் என் மச்சாளின் கணவர்; மச்சாள் என் கணவரின் அக்கா. வேலையைத் தன் மருமகனுக்கே கொடுத்தார். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானுந்தான். வாய்க்கால் நேராகப் போகவேண்டிய இடத்தில் தலைவரின் வேலி ஒழுங்கைக்குள் தள்ளிக்கொண்டு நின்றது. எங்கள் பக்கத்தில் வேலிக்கு நட்ட கதியால் கம்பை ஒரு சாண் அசைத்தாலே வழக்கென்று கோட்டுக்குப் போவார்கள். மருமகன் மாமனின் கதியாலைத் தொடாமல் வாய்க்காலை வளைத்துக் கட்டினான். முதல் மழையிலேயே தண்ணீர் அந்த வளைவில் முட்டித் திரும்பி, முன்பள்ளி வாசல் படலையடியில் தேங்கியது. இரண்டு நாளில் அதற்குள் நுளம்புப் புழு நெளிந்தது. டெங்கு வந்தால் முதலில் படுப்பது பிள்ளைகள்தான்.

வேலை சரியா என்று சொல்வதற்கு மூன்று தாய்மாரைக் குழுவாகப் போட்டிருந்தார்கள். நான் ஒருத்தி. மற்ற இருவரும், “நீங்கள் படிச்சனீங்கள். நீங்கள் சொல்லுறதுதான் எங்கடை கதையும்” என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்க்க வருவதற்கு முதல் நாள் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

“அண்ணை, தண்ணி நிக்குது. ரண்டு கதியாலைத் தள்ளி நட்டால் வாய்க்கால் நேராய்ப் போயிடும்.”

“ரண்டு கதியாலோ? உதென்ன உம்மடை சீதனக் காணியே?”

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மச்சாளின் குரல் வந்தது: “உவ கம்பசிலை படிச்ச படிப்பையெல்லாம் எங்கடை வேலியிலை காயப்போட வந்திருக்கிறா.”

“நான் பிள்ளையளுக்காகத்தான் அண்ணை...”

“நாளைக்கு நீர் பிழை எண்டு சொன்னால் சபை காசை நிப்பாட்டும். பிறகு ரீச்சருக்கு நீரே சம்பளம் குடுப்பீர்? போய் உம்மடை மனிசனைக் கேட்டுப்போட்டு வாரும்.”

மனிசனைக் கேட்டேன். “பேசாமல் விடன். அக்கா வீட்டோடை பகைச்சு என்ன காணப்போறம்?” என்றார்.

அடுத்த நாள் உத்தியோகத்தர், “என்ன அம்மா, வேலை திருப்தியோ?” என்று கேட்டபோது திருப்தி என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். படலையடித் தண்ணீரை மகள் செருப்போடு மிதித்துக்கொண்டு நின்றாள். “இல்லை ஐயா. உந்த மேல் பக்கத்திலை தண்ணி ஊத்திப் பாருங்கோ” என்றேன். ஊற்றிப் பார்த்தார்கள். வளைவுவரை போன தண்ணீர் திரும்பி வந்தது. உடைத்துக் கட்டும்வரை பணம் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

“பாத்தியளே, வளர்த்த கோழி கொத்துறதை!” என்று தலைவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அவர் என்னை வளர்க்கவில்லை. நான் மகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

இப்போது மார்கழி. கதியால் நின்ற இடத்திலேயே நிற்கிறது, வாய்க்காலும் வளைந்தபடிதான். குழுவில் இருந்த மற்ற இரண்டு தாய்மாரும், “நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை, உவதான்” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள். காலையில் மகளை விடப் போனால் படலையடியில் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி மட்டும் முகத்துக்கு நேரே, “உம்மடை வாயாலை எங்கடை பிள்ளையளுக்கும் பள்ளிக்கூடம் இல்லாமல் போகப்போகுது” என்றாள். எனக்கும் அவர்களைப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது. அதே தண்ணீரில்தானே அவர்களுடைய பிள்ளைகளும் நிற்கிறார்கள்?

நேற்று ஆசிரியை தனியாகக் கூப்பிட்டார். “நான் உங்களோடை கோவமில்லை அக்கா. ஆனால் சம்பளமில்லாமல் எவ்வளவு நாளைக்கு? தையிலையிருந்து கடையொண்டுக்கு வேலைக்குப் போறன்.”

திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

யோசிக்க யோசிக்க, தலைவர் மேல் இருக்கும் கோபத்தைவிட இந்த ஏற்பாட்டின் மேல்தான் கோபம் கூடுகிறது. சீமெந்தில் மிச்சம் பிடித்தால்தான் ஆசிரியைக்குச் சோறு என்றால், ஒழுங்கான வாய்க்கால் கட்ட யாருக்கு மனம் வரும்? வேலையைக் கொடுப்பவரும் செய்பவரும் ஒரே வீட்டில் இருந்து சாப்பிட்டால், பிழை சொல்ல யார் மிச்சம்? ஒருவேளை நான் பெரிதாக எண்ணிக்கொள்கிறேனோ, தெரியவில்லை.

பொங்கல் கழியச் சங்கத்தின் பொதுக்கூட்டம். ஆசிரியையின் சம்பளத்தை ஒப்பந்த வேலையிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்று எழுந்து சொல்ல நினைக்கிறேன். அந்தப் பணத்துக்கு வேறு வழி கேட்பார்கள், என்னிடம் இல்லை. உங்கள் ஊரில் முன்பள்ளியைச் சங்கம் எப்படி நடத்துகிறது? பெற்றோர் கட்டுகிறார்களா, சபை நேரே கொடுக்கிறதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். எப்படிப் பேசினால் அந்தக் கூட்டத்தில் என்னை இடையில் உட்கார வைக்கமாட்டார்கள் என்றும் சொல்லுங்கள்.