புதன்கிழமை ஜெனரேட்டர்

எங்கள் தொலைபேசி நிலையத்தில் புதன்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஜெனரேட்டரைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்போம். ஓட்டுவது எங்கள் டெக்னீஷியன்; எல்லோருக்கும் அவர் 'பாய்'. நோட்டில் எழுதுவது நான். 'ஓடியது. சத்தம் சீர். டீசல் முக்கால்.' ஆறு வருடமாக ஒரு புதன்கூட விட்டதில்லை. மெயின் கரன்ட்டை அணைத்துவிட்டு, செல்போன் டவரை ஜெனரேட்டரில் ஓடவிட்டு மட்டும் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் கரன்ட் அனுப்பும் டவுன்ஷிப்பில் கரன்ட் எங்கே போகப்போகிறது?

புயல் கரை கடந்த அன்று காலையில் போனது. டவர் பேட்டரிக்கு மாறியது. பாய் ஜெனரேட்டரைக் கிளப்பினார். முதல் முயற்சியிலேயே ஓடியது. ஆனால் அதன் கரன்ட்டை டவருக்குத் திருப்பிவிடும் சுவிட்சின் கைப்பிடி பாதியிலேயே நின்றுவிட்டது.

பாயின் மகள் கடலூர் ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மரங்கள் விழுந்து ரோடு அடைபட்டதால் அவரால் போக முடியவில்லை. சேதி இந்த டவர் வழியாகத்தான் வரவேண்டும். பேட்டரி நாற்பத்தாறு வோல்ட் காட்டியது. நாற்பத்து நான்கில் எல்லாம் தானாக அணைந்துவிடும்.

"நோட்டுல என்னா எழுதியிருக்கீங்க மேடம்?"

"ஓடியதுன்னு."

"ஓடத்தான் ஓடுது. மாட்டை நடக்கவுட்டே பாத்துகினு இருந்தோம், ஒருநாளும் வண்டியில கட்டிப் பாக்கல."

ஜெனரேட்டரை நிறுத்தி, கரன்ட் திடீரென்று வந்துவிடாதபடி மெயினையும் அணைத்து, சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். கைப்பிடி திரும்பும் இடத்தில் கைமுட்டி அளவுக்கு ஒரு மண்கூடு.

"குளவி வூடு கட்டியிருக்குது மேடம்! நான் மந்தாரக்குப்பத்துல வாடகை குடுத்துகினு இருக்கேன், இது ஓசியில குவார்ட்டர்ஸ் புடிச்சிருக்குது."

அவர் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். நான் டார்ச் பிடித்தபடி மீட்டரைப் படித்தேன்.

"நாப்பத்தஞ்சு."

"படிக்காதீங்க, சொரண்டவுடுங்க."

"நாப்பத்து நாலரை."

"மேடம்!"

கடைசித் துண்டு மண் உதிர்ந்தது. ஜெனரேட்டரைக் கிளப்பிக் கைப்பிடியைத் தள்ளினார். 'டக்' என்று போய் உட்கார்ந்தது. மீட்டர் ஏறத் தொடங்கியது.

பதினொரு நிமிடம் கழித்து அவருடைய போன் அடித்தது. எதிர்முனையில் அவர் மனைவி. கேட்டவர் போனை என் காதில் வைத்தார். குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது.

"பேத்தி மேடம். சத்தம் சீரா இருக்குதுன்னு எழுதிக்குங்க."

நேரம் பார்த்து எழுதினேன்.

அடுத்த புதன் அவர் ஜாங்கிரி டப்பாவோடு வந்தார். முதலில் மெயினை அணைக்கச் சொன்னேன். டவர் பத்து நிமிடம் ஜெனரேட்டரில் ஓடி முடித்த பிறகுதான் டப்பாவைத் திறந்தோம்.