மச்சான் சாமியான ரோடு

மச்சான் முதல் தடவை சைக்கிளில் கிளம்பியபோது போட்டிருந்த டீ-சர்ட் கிளிப்பச்சை நிறம். தூத்துக்குடி ரோட்டில் வரும் லாரிக்காரர்கள் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியவேண்டும் என்று அருப்புக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி அவரே பார்த்து வாங்கியது. கிளம்பியது தை மாதம். வெயில் அவ்வளவாக இருக்காது, பொங்கலுக்குத் தறியும் ஓடாது, இதை விட்டால் நல்ல சமயம் வாய்க்காது என்றார். தை மாதத்தில் பச்சை உடுத்திக்கொண்டு அந்த ரோட்டில் தெற்கே போகிறவர்கள் யார் என்று எங்கள் பக்கத்தில் பால்வாடிக்குப் போகிற பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். திருச்செந்தூர் முருகனுக்கு மாலை போட்டு, விரதம் இருந்து, பாதயாத்திரை போகிறவர்கள். வருஷம் தவறாமல் அவர்களுக்கு மோர் ஊற்றிய குடும்பம் எங்களுடையது. அப்படியிருந்தும் அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. அந்த நிறத்தால் நடந்தது நல்லதா கெட்டதா என்று இத்தனை வருஷம் கழித்தும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். திருச்சுழிக்குப் பக்கத்தில், கண்மாயில் தண்ணீரைவிடக் கருவேலம் அதிகமாக நிற்கும் ஒரு கிராமம் அவருக்கு. அருப்புக்கோட்டை விசைத்தறிக் கொட்டகைகளில் தறி ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். தினமும் ஊரிலிருந்து டவுனுக்குச் சைக்கிளில்தான் வந்துபோவார். பைக் வாங்குங்களேன் என்றால், "இது பெட்ரோல் கேக்கலையே மாப்ள" என்பார். அவருக்கு ஒரே மகள். அவள் ஒன்றாம் வகுப்பில் படித்தபோது ஒருநாள் காலை தட்டிலிருந்து எடுத்த இட்லி அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்து அக்கா அதட்டியிருக்கிறாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவளுக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது, பேச்சு குழறியது.

காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் அங்கே இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். டவுனுக்குப் போகும் பஸ் வாசலில் வந்து நின்றபோது, மச்சான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்த்திசையில் மந்திரிக்கிறவர் வீட்டுக்கு நடந்தார். அவர் வேப்பிலை அடித்து, கயிறு கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, விடிந்தால் சரியாகிவிடும் என்று அனுப்பினார். விடிந்தபோது வலது காலும் தளர்ந்திருந்தது. மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டுப் பக்கவாதம் என்றார். சின்னப் பிள்ளைக்கா என்று அக்கா கேட்டதற்கு, சின்னப் பிள்ளைக்கும் வரும் என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். "நேத்துக் காலையில" என்றார் மச்சான். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மச்சான் தேறியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பிள்ளை பிழைத்தாள். பேச்சு வந்தது, நடை வந்தது, வலது கை மட்டும் முழுசாக வரவில்லை. அன்றிலிருந்து மச்சான் நெற்றியில் திருநீறு கிடையாது. நான் திருநீறு பூசாமல் வண்டியில் சாவி போடாதவன். சாமி மேல் என்ன கோபம் என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். "சாமி மேல ஒரு கோவமும் இல்ல மாப்ள. இந்தக் கை மேலதான். இதுதான அன்னைக்குப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போச்சு" என்றார்.

சில வருஷம் கழித்து, யார் யாரோ எதெதற்கோ சைக்கிளில் ஊர் ஊராகப் போவதை செல்போனில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். கன்னியாகுமரி வரைக்கும் போகப்போகிறாராம். வழியெல்லாம் நின்று, பிள்ளைகளுக்கும் பக்கவாதம் வரும், வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று சொல்லப்போகிறாராம். யாராவது விரும்பிக் கொடுத்தால் அது பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு. என்னிடம் சேலை லோடு அடிக்கிற சின்ன வண்டி இருந்தது, குட்டியானை என்போமே அது. பின்னாலேயே வா என்றார். எனக்கு இது எதற்கு என்று புரியவில்லை. ஆனால் அவர் என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர், மறுக்க வாய் வரவில்லை.

ஃபிளெக்ஸ் அடிக்கப் போன இடத்திலேயே குழப்பம் தொடங்கிவிட்டது. மகள் ரெட்டைச் சடையோடு நிற்கும் படத்தையும் எழுதவேண்டியதையும் கொடுத்தால், கடைக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "தோற்றம், மறைவு தேதி ரெண்டும் சொல்லுங்கண்ணே" என்றார். மச்சானுக்கு முகம் சுண்டிப்போனது. பிள்ளை உயிரோடுதான் இருக்கிறாள், ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள் என்று நான் சத்தம் போட்டேன். பாவம், அவர் பதறிப்போய் இரண்டு பக்கமும் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கை அழித்தார். மறுநாள் வாங்கப் போனபோது, "விளக்கு இருந்த எடம் மொட்டையாத் தெரிஞ்சுச்சு, அதான் மயில் தோகை வச்சிருக்கேன்" என்று சந்தோஷமாக விரித்துக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. பச்சைச் சட்டை, தை மாதம், இப்போது மயில் தோகை. அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

பந்தல்குடி தாண்டுவதற்குள் உறைத்துவிட்டது. யாத்திரைக்காரர்கள் அரோகரா சொல்லி வழிவிட்டார்கள். அன்னதானப் பந்தல் ஒவ்வொன்றிலும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். மச்சான் நோட்டீஸை நீட்டிப் பேச ஆரம்பித்தால், எல்லோரும் கைகட்டிக் கேட்டுவிட்டு, "பிள்ளைக்காக நேர்ந்துக்கிட்டுச் சைக்கிள்லயே போறாக" என்று அடுத்தவருக்குச் சொன்னார்கள். பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து திருநீறு பூசச் சொன்னார்கள். "நான் கோயிலுக்குப் போகலம்மா, நான் சாமி இல்ல" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அது அடக்கமாகத் தெரிந்தது போலிருக்கிறது, இன்னும் கூட்டம் சேர்ந்தது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு தாங்கவில்லை. "மச்சான், பூசிட்டு நோட்டீசக் குடுங்க, வாங்கிட்டுப் போவாக. உங்களுக்கு என்ன கொறஞ்சுரும்?" என்றேன். அவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மறுவருஷம் வேறு மாதத்தில் போகலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். போன வருஷம் நோட்டீஸ் வாங்கியவர்கள் அதே நாளில்தான் ரோட்டில் இருப்பார்கள், இரண்டாம் தடவை சொன்னால்தான் மனசில் நிற்கும் என்று அதே தையில், அதே பச்சையில் கிளம்பினார். பந்தல்குடிக்குத் தெற்கே ஒரு புளியமரத்தடியில் ஒரு பெண், மடியில் நாலைந்து வயதுப் பையனோடு உட்கார்ந்திருந்தாள். சைக்கிளைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். பையனுக்கு வாய் இடதுபக்கம் கோணியிருந்தது. ஒரு கை துணி மாதிரித் தொங்கியது.

மச்சான் சைக்கிளை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டார். எப்போதிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"காலையில கஞ்சி குடிக்கையில சாமி. போன வருசம் நீங்க குடுத்த நோட்டீசுல போட்டிருந்த மாதிரியே வாய் இழுத்துச்சு. பார்த்ததுமே கண்டுபிடிச்சுட்டேன். நீங்க இன்னைக்கு இந்தப் பக்கம் வாரீகன்னு சொன்னாக. அதான் அப்பயிருந்து இங்கனயே உக்காந்திருக்கேன்."

அதை அவள் பெருமையாகச் சொன்னாள். சொன்ன பாடத்தை ஒப்பித்துவிட்ட பிள்ளையின் முகம் அவளுக்கு. அப்போது உச்சி வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து எத்தனை பஸ் அவளைத் தாண்டி அருப்புக்கோட்டைக்குப் போயிருக்கும் என்று நான் நினைத்த அதே நேரத்தில் மச்சானும் அதைத்தான் நினைத்திருப்பார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வண்டியில் ஏறும்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றார். அவள் நகரவில்லை. முந்தானையில் முடிந்திருந்த பொட்டலத்தை அவிழ்த்து நீட்டினாள். "துன்னூறு பூசி விடுங்க சாமி. பூசிட்டு எங்க கூப்புட்டாலும் வாரேன்." அவர் சாமி இல்லை என்று நான் சொன்னேன், கெஞ்சினேன், கடைசியில் ஏசவும் செய்தேன். பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மச்சானையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தில் விரலை விட்டுத் திருநீறை எடுத்துப் பையனின் நெற்றியில் பூசினார். பூசிப் பழக்கம் விட்டுப்போனதில் பாதி அவன் கண்ணில் விழுந்தது. அவள் மறுபேச்சில்லாமல் வண்டியில் ஏறினாள். மச்சான் சைக்கிளோடு பின்னால் ஏறிக்கொண்டார். அன்று நான் ஓட்டிய மாதிரி அந்த வண்டியை அதற்கு முன்னும் பின்னும் ஓட்டியதில்லை.

மதுரையில் வேறொரு டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். காலையில் என்றாள் அவள். "நல்ல வேளை, இன்னைக்கே கொண்டாந்தீங்க" என்றார் டாக்டர். மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பையன் இப்போது ஓடியாடிப் பள்ளிக்கூடம் போகிறான், ஒரு கையில் பிடி கொஞ்சம் குறைவு. அவன் அம்மா யாரைப் பார்த்தாலும் சாமி பூசின துன்னூறுதான் காப்பாற்றியது என்கிறாள். காலையிலேயே பஸ் ஏறியிருந்தால் அந்தக் குறையும் இருந்திருக்காதா? மச்சான் அந்த ரோட்டில் போகாமலே இருந்திருந்தால் அவள் எங்கே போயிருப்பாள், நேரே ஆஸ்பத்திரிக்கா, மந்திரிக்கிறவர் வீட்டுக்கா? அவர் சொன்னது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா, சேரவில்லையா? லோடு இல்லாத நாட்களில் வண்டியை நிழலில் போட்டுவிட்டு இதையேதான் புரட்டிப் புரட்டி யோசித்திருக்கிறேன். ஒரு நாள் அவர் செய்தது புண்ணியம் என்று தோன்றும். மறுநாள் வேறு மாதிரித் தோன்றும்.

மச்சான் அதோடு சைக்கிளை நிறுத்திவிட்டார். தறிக் கொட்டகைக்கே பஸ்ஸில் போக ஆரம்பித்தார். அடுத்த தை பிறந்தது. அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் என் நம்பரை வாங்கி வைத்திருந்த அந்தப் புளியமரத்தடிப் பெண்தான். "அண்ணே, சாமி இந்த வருசம் வரலையா? இங்க ரெண்டு மூணு பேரு பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து உக்காந்திருக்காக. நாந்தான் சொல்லி விட்டேன்" என்றாள். அதை அப்படியே மச்சானிடம் சொன்னேன். இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் மகள்தான் பேசினாள். "அப்பா, நீங்க போகாட்டி அவுக எந்திரிக்க மாட்டாகளே" என்றாள். மச்சான் பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். வண்டியில் போனோம். அங்கே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒன்றுக்குப் பேச்சு வரவில்லை. திட்டாமல் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தோம்.

இப்போது மகள் கல்லூரியில் படிக்கிறாள். மச்சானுக்குத் தலை நரைத்துவிட்டது. பச்சைச் சட்டையும் இல்லை, ஃபிளெக்ஸும் இல்லை. ஆனாலும் தை பிறந்தால் அந்த ரோட்டில் எங்கள் வண்டி போகாத வருஷமில்லை. "யாராச்சும் உக்காந்திருக்காகளான்னு பாத்துட்டு வந்துருவோம் மாப்ள" என்பார். சொல்வதற்காகக் கிளம்பியவர், இப்போது யாரும் தனக்காகக் காத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்காகப் போகிறார். இதற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போன தையிலும் போனோம். யாத்திரைக் கூட்டம் கடந்துபோன பிறகு, ரோட்டோரக் கல்லில் ஒரு சின்னப் பெண் தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். மச்சான் வண்டி நிற்பதற்குள் இறங்கிவிட்டார்.

"யாருக்காக உக்காந்திருக்க தாயி?"

"பஸ்ஸுக்கு."

"பிள்ளைக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலையே. தூங்குறான்."

"வாயை மட்டும் ஒரு தடவை பாத்துக்கிறட்டுமா?"

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். "மச்சான், பிள்ளை பிடிக்கிறவுகன்னு நெனச்சு ஊரைக் கூட்டிரப் போகுது, வாங்க" என்று நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். வண்டிக்கு அந்தப் பக்கம் வந்தார், ஏற மாட்டேன் என்றார். வெயிலில் நின்றோம். போகிற லாரியெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஒருவழியாக பஸ் வந்தது. அவள் அவசரமாக ஏறினாள், குலுங்கியதில் பிள்ளைக்கு முழிப்புத் தட்டியது. பஸ் எங்களைத் தாண்டும்போது ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது. வாயை அகலமாகத் திறந்து வீறிட்டு அழுதுகொண்டிருந்தான்.

"நல்லா அழுகுறான் மாப்ள" என்றார் மச்சான். "வாய் நேராத்தான் இருக்கு. வண்டிய எடு."