பிஸ்கட்டை மறுக்காதவள்

கம்ப்யூட்டரின் வலது ஓரத்தில் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்துகொண்டார். வெள்ளை ஜிப்பா, வரிசை தப்பாத பல், கையில் டீக்கோப்பை, பின்னால் புல்வெளி. செய்தி படிக்கத் திறந்தால் அங்கே சிரித்தார். மழை வருமா என்று பார்க்கப் போனால் அங்கேயும் சிரித்தார். கோயிலின் இணையப் பக்கத்தில் அபிஷேக நேரத்துக்குக் கீழேயும் அவரே. முதியோர் இல்லம், உங்கள் இன்னொரு வீடு என்று அவர் தலைக்கு மேல் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆனாலும் இன்ஜினியர்கள் போட்டுக்கொடுத்த டிராயிங்கில் தப்பு கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன். அந்த அளவு ஆங்கிலம் எனக்கு வரும். கம்ப்யூட்டரில் யாராவது எதையாவது தேடினால்தான் அதன் விளம்பரம் இப்படித் துரத்தும் என்றும் கேள்விப்பட்டிருந்தேன்.

செகந்திராபாத் பக்கம் லோத்குண்டாவில் நாங்கள் இருந்த வீட்டை நான் கட்டினேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றுத்துணி இல்லாமல் ரயிலேறி வந்து, சனத்நகரில் அடுத்தவன் லேத்தில் நின்று, பிறகு சொந்த லேத், பிறகு சொந்தப் பட்டறை என்று வந்தவன். எவன் வாசலிலும் போய் நின்றதில்லை. அப்படிப்பட்டவனை எங்கே கொண்டுபோய் விடலாம் என்று என் வீட்டுக்குள்ளேயே யாரோ தேடியிருக்கிறார்கள் என்று தோன்றியதும் சோறு இறங்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் நான், என் மனைவி, ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சிபௌலியிலிருந்து மகனோடு வரும் மருமகள், அவ்வளவுதான். மகனுக்கு அவன் போனே போதும். மருமகள் தெலுங்குப் பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை, தமிழை எங்களுக்காகக் கற்றுக்கொண்டவள். சந்தேகம் அவள் மேல்தான் போனது.

என் மனைவியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவள் செகந்திராபாத்தில் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசும்போதே ஆமாம் என்பதற்கு ஹவ் என்றும் வேண்டாம் என்பதற்கு நக்கோ என்றும் வாயில் வந்துவிடும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், குக்கீகளை ஏற்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டு ஒரு பெட்டி வந்து நிற்குமே, அதற்கு ஹவ்-நக்கோ பெட்டி என்று பெயர் வைத்தவள் அவள்தான். நான் எப்போதும் நக்கோ. என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் நேரில் வந்து கேட்கட்டும் என்பது என் வழக்கம். அவள் எப்போதும் ஹவ். ஏன் என்று கேட்டால், "போன இடத்துல பிஸ்கட் நீட்டறாங்க. வேணாம்னா அவங்க மூஞ்சி சுண்டிடாதா?" என்பாள். குக்கீ என்றால் பிஸ்கட் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அவளுக்கு மறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மருமகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன்.

"இந்த ஆளை நீதானே கூட்டிட்டு வந்தே?"

அவள் முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "ஒட்டு மாமா, நான் இல்ல" என்று தலையில் கை வைத்துத் தெலுங்கில் சத்தியம் செய்தாள்.

"அப்ப தானாவே நடந்து வந்தானா?"

"குக்கீ மாமா, குக்கீ. நீங்க ஒரு கடைக்குப் போறீங்க. கடைக்காரன் உங்க சட்டைல ஒரு சீட்டு ஒட்டிடறான். அடுத்த தடவை போனா சீட்டைப் பாத்து, ஓ இவரா, போன தடவை இதைத்தானே கேட்டார்னு எடுத்து வெக்கறான். அது நல்ல சீட்டு. விளம்பரக்காரன் ஒட்டறது வேற. எந்தக் கடைக்கு நீங்க போனாலும் அங்க அவன் ஆள் நின்னு அதைப் படிச்சிடுவான்."

அவள் முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பட்டறைக்கு வரும் இரும்பில் சாக்பீஸால் குறி போடுவோம். எந்த மெஷினுக்குப் போனாலும், அது யாருடையது, என்ன வேலை என்று அங்கே நிற்பவன் குறியைப் பார்த்தே சொல்லிவிடுவான். தன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று இரும்புக்குத்தான் தெரியாது.

"சரி. குறி போட வெச்சது யாரு?" என்றேன்.

தான் இல்லை என்று காட்டிவிடும் வேகத்தில் அவள் கிழவர் மேலேயே அழுத்தினாள். இல்லத்தின் பக்கம் திறந்தது. முன்பு வந்தவர் கேட்டதை அது அப்படியே ஞாபகம் வைத்திருந்தது. யாருக்கு என்ற இடத்தில் கணவர். எத்தனை பேர் என்ற இடத்தில் ஒருவர். சாப்பாடு என்ற இடத்தில் தமிழ்நாடு. மருமகளின் கை மௌஸை விட்டு விலகியது.

"ஹவ், நான்தான் பாத்தேன்." சமையலறை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். "அவளை ஏன் மிரட்டறீங்க?"

"என்னை மட்டும் அனுப்பிட்டு நீ எங்க போறதா இருக்கே?"

"எங்க போவேன்? டாக்டர் சொன்னதை நீங்க எங்க கேட்டீங்க? அவர் வாயத் தொறக்கறதுக்குள்ள வீடு கட்டின கதைய எடுத்துட்டீங்க."

அவளுக்கு இதயம் பலவீனப்பட்டிருந்தது எனக்குத் தெரியும். மாத்திரையில் சரியாகிவிடும் என்று இருந்தேன். அவள் மருமகளைப் பார்த்தே பேசினாள். "எனக்கப்புறம் இவர் பேசறதை யாரும்மா கேப்பா? நீங்க ரெண்டு பேரும் காலைல கம்பெனி கார் ஏறினா இருட்டினப்புறம் வரீங்க. அங்கன்னா வயசானவங்க நாலு பேர் இருப்பாங்க, உக்காந்து கேப்பாங்கன்னு பாத்தேன்."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை, களைப்புதான் வந்தது. எத்தனையோ பேருக்கு வேலை கொடுத்தவன், மூன்று ஷிப்ட் ஓட்டியவன். வீட்டில் எனக்காக ஓடிக்கொண்டிருந்த இந்த யோசனையை ஒரு விளம்பரக்காரன் எனக்கு முன்னால் தெரிந்துகொண்டிருக்கிறான்.

அடுத்த வாரம் நான், மனைவி, மருமகள் மூன்று பேருமாகப் போய் அந்த இடத்தைப் பார்த்தோம். சுத்தமான இடம்தான். வராந்தாவில் என் வயதுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கிரானைட், ஒருவர் லாரி, ஒருவர் கோழிப்பண்ணை. எல்லோருமே ஒன்றும் இல்லாமல் வந்து மேலே ஏறியவர்கள். என் கதையில் நான் வேலூர் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்குள் லாரிக்காரர் தன் முதல் லாரியைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். அதை முடிக்க விடாமல் கோழிப்பண்ணைக்காரர். என் மனைவி ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காரில் ஏறியதும் சொன்னாள்: "வேணாங்க. எல்லாரும் பேசறாங்க. கேக்க ஒருத்தர் இல்ல."

வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் ஒட்டிய சீட்டு மொத்தத்தையும் அழித்துவிடு என்றேன். மருமகள் மறுத்தாள். "எல்லாம் அழிச்சா கரண்ட் பில், கேஸ் சிலிண்டர் எல்லாமே உங்களை மறந்துடும் மாமா. திரும்ப முதல்லேந்து பேர் சொல்லணும்." செட்டிங்ஸுக்குள் போய் இல்லத்துச் சீட்டையும் விளம்பரக்காரர் சீட்டுகளையும் மட்டும் பொறுக்கி எடுத்தாள். வெளி ஆள் இனி ஒட்டாதபடி அடைத்தும் வைத்தாள். கிழவர் போய்விட்டார். அந்த இடத்தில் குக்கர் விளம்பரம் வந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் என் மனைவியும் போய்விட்டாள். இப்போது நான் கச்சிபௌலியில், பதினெட்டாவது மாடியில், மகன் வீட்டில் இருக்கிறேன். கீழே பார்த்தால் வண்டிகள் தெரியும், சத்தம் மேலே வராது. மருமகள் சில நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள், காது இரண்டையும் மூடிய ஹெட்போனோடு.

நேற்று அவள் எதிரே போய் உட்கார்ந்து, முதல் லேத் வாங்கிய கதையை ஆரம்பித்தேன். அவள் திரையைப் பார்த்தபடியே ஒரு காதை விடுவித்துக்கொண்டாள். பழைய மெஷின், அதற்கு நடந்த பேரம், கட்டை வண்டியில் ஏற்றியது வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் எனக்கே அலுத்துவிட்டது. நிறுத்திவிட்டேன். அவள் விரல்கள் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தன, பிறகு நின்றன.

"ஏன் நிறுத்திட்டீங்க மாமா?" என்றாள். "திருப்பத்துல வண்டி சாஞ்சுதே, அதைச் சொல்லுங்க."